கோஹனின் கடைசி ஆல்பத்துக்கு 8,500 ரூபாயா?

கேள்வி: பிரான்சிலிருந்து ரிட்டயராகி வந்து முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் பெரியப்பா, கனடாக்காரப் பாடகர் லெனார்ட் கோஹனின் பரம ரசிகர். 75வது பிறந்தநாளுக்கு கோஹனின் கடைசி ஆல்பத்தை எல்பி ரெக்கார்டாக வாங்கித் தர ஆசை. இன்ஸ்டாகிராமில் ஒருவர் ‘ஃபைனல் ஆல்பம், ரேர்’ என்று போட்டு 8,500 ரூபாய் கேட்கிறார். இன்னொரு இடத்தில் வேறு பெயருள்ள ஆல்பத்தையும் கடைசி ஆல்பம் என்றே விற்கிறார்கள். எதை வாங்குவது?
- வாசகி, புதுச்சேரி

பதில்: ‘கடைசி’ என்பதில் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ‘ரேர்’ என்கிறாரே, அதுதான் இடிக்கிறது.

கோஹன் உயிரோடு இருக்கும்போது வந்த கடைசி ஆல்பம் ‘யூ வாண்ட் இட் டார்க்கர்’. 2016 அக்டோபர் 21 அன்று வந்தது, சரியாக 17 நாள் கழித்து நவம்பர் 7 அன்று 82 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொன்று 2019 நவம்பரில் வந்த ‘தாங்க்ஸ் ஃபார் த டான்ஸ்’, அப்பா பாடி வைத்துவிட்டுப் போன குரல் பதிவுகளுக்கு மகன் ஆடம் கோஹன் இசை சேர்த்து முடித்தது. பெரியப்பாவைப் போன்ற ரசிகர்கள் கொண்டாடுவது பெரும்பாலும் முதலாவதைத்தான், காரணமும் இருக்கிறது. முதுகெலும்பு முறிவால் வீட்டை விட்டு நகர முடியாமல் இருந்த மனிதரை, லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டிலேயே நோயாளிகளுக்கான நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே மைக்கை வைத்து மகன் பதிவு செய்த பாடல்கள் அவை. தலைப்புப் பாட்டில் பின்னால் கேட்கும் ஆண்கள் குழு, கோஹன் பிறந்த மாண்ட்ரியலில் அவர் குடும்பம் காலங்காலமாகப் போய்வந்த யூத ஆலயத்தின் பாடகர் குழு. இரண்டாவது பாட்டான ‘ட்ரீட்டி’யின் மெட்டு ஆல்பம் முடியும்போது தந்தி வாத்தியங்களில் திரும்ப வரும், அங்கே அவர் குரல் கடைசியில் சில வரிகளுக்கு மட்டும்தான். அதனால்தான் ரசிகர்கள் இதைப் பாட்டு பாட்டாகத் தாவிக் கேட்பதில்லை. (பாதி பேச்சாகவே போகும் அந்தத் தலைப்புப் பாட்டுக்கு 2018-ல் ‘ராக்’ இசைப் பிரிவில் கிராமி விருது கொடுத்தார்கள். பெரியப்பாவிடம் சொன்னால் சிரிப்பார்.)

சரி, விலைக்கு வருவோம். இது சோனி குழுமத்தின் கொலம்பியா லேபிளில் உலகம் முழுக்க வந்த ஆல்பம், எங்கோ நூறு காப்பி மட்டும் அடித்த சரக்கு இல்லை. ஆள் போன பிறகு விலையை ஏற்றுவது பழைய ரெக்கார்டு வியாபாரத்தில் வாடிக்கை. இரண்டு மூன்று இடத்தில் விசாரிக்காமல் பணம் அனுப்பாதீர்கள். பின் அட்டையின் படத்தைக் கேளுங்கள், பார்கோடும் கேட்டலாக் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும், அதை, ரெக்கார்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் உள்ள பதிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடை மூலம் முறையாக இறக்குமதியான சரக்கென்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பார்கோடே இல்லாமல் கலர் கலராக வரும் ரெக்கார்டு என்றால் திருட்டுப் பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுத் தளத்தில் நேராக வாங்கினால் கஸ்டம்ஸ் வரியும் கூரியர்காரர் அதைக் கட்டியதற்கு வாங்கும் கட்டணமும் தனி, மலிவாகத் தெரிந்தது அங்கேயே சமமாகிவிடும்.

அதற்கு முன்னால் பெரியம்மாவிடம் ரகசியமாகக் கேளுங்கள், 2016 ஆல்பம் ஏற்கெனவே அலமாரியில் இருக்கலாம். இருந்தால் 2019 ஆல்பத்தை வாங்குங்கள். அதன் கடைசிப் பாட்டில் வரும் குரல், 2016 ஆல்பத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் அவர் வாசித்த கவிதையிலிருந்து எடுத்தது. இரண்டும் ஜோடியாகப் பக்கத்தில் இருப்பது அழகுதான்.

கேள்வி: அதே 2016 ஆல்பத்தை ஆன்லைனில் வாங்கினேன். ரெக்கார்டு வளைந்து வந்திருக்கிறது, ஊசி படகு மாதிரி ஏறி இறங்குகிறது. ‘சீல் உடைத்துவிட்டீர்கள், ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார் விற்றவர்.
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சீல் உடைக்காமல் வளைவை எப்படிப் பார்ப்பதாம்? குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது, 2020-ன் மின்வணிக விதிகளே அதைச் சொல்கின்றன. பில்லில் ரிட்டர்ன் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கு. ஊசி ஏறி இறங்குவதைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுங்கள், பார்சல் அட்டை, பில் எல்லாவற்றையும் படம் பிடித்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அப்புறமும் நகரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் மும்பையில் இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: விற்றவர் தன் வீட்டு ரெக்கார்டை எப்போதோ ஒருமுறை தள்ளிவிடும் தனிநபர் என்றால் இந்த விதிகளை வைத்து அவரைப் பிடிப்பது கஷ்டம்.

தயவுசெய்து வெயிலில் வைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். உங்கள் ஊர் மே மாத வெயிலில் கூரியர் வேனுக்குள் கிடந்தே அது வளைந்திருக்கலாம். வளைவு லேசாக இருந்து பாட்டு சுதி மாறாமல் ஓடுகிறதென்றால், வைத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் திரும்பக் கேட்பதும் ஒரு வழி.

கேள்வி: எல்பி, சிடி, ஸ்ட்ரீமிங், கோஹனின் 2016 ஆல்பத்துக்கு எது நல்லது? என்னிடம் பெட்டி மாடல் பிளேயர் இருக்கிறது.
- வாசகர், லாஸ்பேட்டை

பதில்: ஆல்பம் மொத்தமே 36 நிமிடம்தான், பக்கத்துக்கு 18 நிமிடம் என்பது எல்பிக்கு வசதியான அளவு, நெருக்கியடிக்காமல் பதியும். ஆனால் மலிவான பெட்டி பிளேயர்களில் ஊசி 5 கிராம் வரை அழுத்தி ரெக்கார்டைத் தேய்க்கும், நல்ல பிளேயரில் 2 கிராம் பக்கம்தான். தவிர அதிலேயே இருக்கும் குட்டி ஸ்பீக்கர்களில், அடிவயிற்றிலிருந்து வரும் அந்தக் குரலில் பாதி காணாமல் போய்விடும், மிச்சம் கேட்பது கரகரப்பு மட்டுமே. கோஹனிடம் வாங்குவதே அந்தக் குரலைத்தான். என்னைக் கேட்டால், சிடியோ ஸ்ட்ரீமிங்கோ போதும், மிச்சக் காசில் ஒரு ஜோடி நல்ல புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்குங்கள். கடைக்குப் போகும்போது இந்த ஆல்பத்தை போனில் கொண்டுபோய் அங்கேயே போட்டுக் கேளுங்கள். விற்பவர் தன் டெமோ பாட்டைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

எல்பிதான் வேண்டும் என்றால் படுக்க வைக்காமல் நிமிர்த்தி நிறுத்தி அடுக்குங்கள், கடற்காற்று ஈரத்துக்கு அட்டையில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை போடுவது நல்லது. சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.