வீணாய்ப் போன வக்கீல்கள்

கேள்வி: நன்றாக நடந்துகொண்டிருந்த வக்கீல் தொழிலை வீணாக்கிவிட்டு நடனம், நாடகம் என்று அலைந்த இ. கிருஷ்ணய்யரைச் சென்ற இதழில் ஒரேயடியாகப் புகழ்ந்திருந்தீர்கள். அவரால் பரதநாட்டியத்துக்கு அப்படி என்ன லாபம்? சட்டம் படித்த என் மகன் மிருதங்கம்தான் வாசிப்பேன் என்கிறான். அதனால்தான் கேட்கிறேன்.
— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: 'வீணாக்கிவிட்டு' என்று எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சமாவது தயங்கியதா, அம்மா? அரசியலுக்குப் போன வக்கீல் தேசத் தலைவர், சலங்கை கட்டிய வக்கீல் வீணாய்ப் போனவர். 'சட்டம் படித்த என் பிள்ளை மந்திரியாகப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறான், என்ன செய்வது?' என்று கேட்டு இந்தப் பகுதிக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.

உங்கள் ஊருக்கு எதிர்க்கரையில், கல்லிடைக்குறிச்சியில், 1897இல் பிறந்தவர் கிருஷ்ணய்யர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அப்பளத்தை நினைக்கிற நாக்கு நமக்கு, அவரை நினைப்பதில்லை. தொழிலை உதறிவிட்டு அவர் ஓடவும் இல்லை. 1940கள் வரை சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீலாகத்தான் இருந்தார். அதற்கு நடுவில்தான் சுதந்திரப் போராட்டம், சங்கீதம், சுகுண விலாச சபா என்ற நாடகக் குழுவில் பெண் வேடம் எல்லாம்.

அந்தச் சபாவைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1891இல் அதைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரும் வக்கீல்தான். பிற்பாடு நீதிபதியாகவும் இருந்தார். அங்கே நடித்த சத்தியமூர்த்தியும் வக்கீல். 'கூத்தாடி' என்பது வசவாக இருந்த காலத்தில், படித்துப் பட்டம் வாங்கியவர்கள் வரிசையில் நின்று அரிதாரம் பூசிக்கொண்டார்கள். ஒப்பனை அறையின் கதவு வெளிப்புறம் தாழ்ப்பாள் விழுந்து திறக்க முடியாமல் போயிருந்தால், மறுநாள் சென்னையில் பாதி வழக்குகளுக்கு வாய்தா கிடைத்திருக்கும். இதில் வியக்க ஒன்றுமில்லை. தான் நம்பாததை உருக்கமாகச் சொல்லி எதிரே இருப்பவரை நம்பவைப்பது இரு தொழிலுக்கும் பொது. அங்கி உண்டு, வசனம் உண்டு, தூங்கி வழிகிற பார்வையாளரும் உண்டு. ஆனால் வசனம் மறந்துபோன நடிகன், 'அவகாசம் வேண்டும்' என்று மனுப் போட முடியாது. தோற்ற பிறகும் கட்டணம் வாங்குகிற வசதியும் அவனுக்கு இல்லை. ஆகவே வக்கீல் நடிகனானால் கஷ்டமான வேலைக்குத்தான் போகிறான் என்று பொருள். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

கிருஷ்ணய்யருக்குக் காளிதாசனின் நாடகத்து நாயகி மாளவிகாவின் வேடம் வந்தது. வேடத்துக்கு ஆடத் தெரிய வேண்டும். தேவதாசிகள் ஆடிவந்த சதிரை, அதாவது இன்றைய பரதநாட்டியத்தை, மெலட்டூர் நடேச ஐயரிடம் கற்றார். அத்தோடு நின்றிருந்தால் நீங்களும் நானும் அவரை மறந்திருப்போம். அவரோ பெண் வேடத்திலேயே ஊர்மேடைகளில் ஏறி, 'இந்த ஆட்டத்தில் என்ன ஆபாசம் கண்டீர்கள்?' என்று கேட்காமல் கேட்டார். 1928இல் சங்கீத வித்வத் சபை, அதாவது மியூசிக் அகாடமி, தொடங்கியபோது அதன் செயலாளர்களில் ஒருவரானார். 1931 மார்ச் 15 அன்று தேவதாசி மரபில் வந்த திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் இருவரை அந்தச் சபையின் சார்பில் ஆடவைத்தார். கூட்டம் சொற்பம். அதே சகோதரிகள் 1933இல் மறுபடி ஆடியபோது அரங்கம் நிரம்பிவிட்டது.

நடுவில் நடந்தது ஒரு சண்டை. பொப்பிலி ராஜா சென்னை மாகாண முதல்வரானதைக் கொண்டாடிய விருந்தில் சதிர் நடந்தது. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கொதித்தெழுந்து பத்திரிகைக்கு எழுதினார். கிருஷ்ணய்யர் பதில் எழுதினார். 1932இன் கடைசி நாட்களில் ஆங்கிலப் பத்திரிகைகளில் கடிதத்துக்குக் கடிதம் பறந்தது. யோக்கியர்கள் பார்க்கக் கூடாதது என்று ஒரு வாரம் பத்திரிகையில் வந்தால், அடுத்த வாரம் யோக்கியர்கள் முதல் வரிசையில் இருப்பார்கள். வக்கீலுக்கு இது தெரியாதா?

லாபம் கேட்டீர்கள். சதிருக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1935இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். அதற்குப் பிறகு நல்ல குடும்பங்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களின் வீடுகளில் எல்லாம் சலங்கை கேட்டது. லாபம்தான். யாருக்கு என்பதில்தான் எனக்கும் கிருஷ்ணய்யரின் பக்தர்களுக்கும் பல வருட வழக்கு. கலை வேறு, அதை ஆடுகிறவர்களின் வாழ்க்கை வேறு என்பது அவருடைய வாதம். முத்துலட்சுமிக்கு எதிராக அதைவிட நல்ல வாதம் அன்று கிடைத்திருக்காது. ஆனால் கலையைத் தனியாகப் பிரித்தெடுக்கலாம் என்று ஆனபின், ஆடிய பெண்கள் எதற்கு? அவர் கேட்காத அந்தக் கேள்வியை மற்றவர்கள் கேட்டுத் தங்களுக்கு வசதியான பதிலும் சொல்லிக்கொண்டார்கள். பாலசரஸ்வதி போல ஒரு சிலரே அந்த மரபிலிருந்து மேடையில் நிலைத்தார்கள். ஆட்டத்தைத் 'தூய்மைப்படுத்துகிறோம்' என்றவர்களைப் பாலசரஸ்வதி கடைசிவரை மன்னிக்கவில்லை. நானும் அவர் கட்சி. இருந்தாலும் கிருஷ்ணய்யர் அந்தச் சகோதரிகளையே அழைத்து ஆடவைத்தவர், அவர்கள் இடத்தில் தம் வீட்டுப் பெண்ணை நிறுத்தியவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்றைய சபா செயலாளர்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று துணையாசிரியர் கண்ணைக் காட்டுகிறார். எழுதத்தான் போகிறேன். கிருஷ்ணய்யர் செயலாளராக இருந்து ஆடவும் தெரிந்தவர். நம் செயலாளருக்கு ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கத் தெரியும். வரவேற்புரையில் அவர் தம்மை வரவேற்று முடிப்பதற்குள் கலைஞரின் ஒப்பனை கலைந்துவிடுகிறது. பிறகு பொன்னாடை. யார் யாருக்குப் போர்த்துகிறார் என்று தெரியாதபடி ஒரே கூட்டம். போர்த்தியவருக்கே சுற்றி வந்து போர்த்திய மேடையையும் பார்த்திருக்கிறேன்.

மகன் மிருதங்கம் வாசிக்கட்டும், அம்மா. சபா செயலாளராகப் போகிறேன் என்றால் மட்டும் எனக்கு அவசரமாக எழுதுங்கள். நேரம் கிடைக்கும்போது பக்கத்துச் சபாவுக்குப் போய், 1931இல் ஆடிய அந்தச் சகோதரிகளின் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ராஜலட்சுமி, ஜீவரத்தினம் என்று பதில் வராது. உங்களுக்கு ஒரு பொன்னாடை வரும்.