சைகை பழக்கினால் பேச்சு வராமல் போய்விடுமா?

“மகனுக்கு இரண்டரை வயது, ஆட்டிசம் என்கிறார்கள். இன்னும் பேசவில்லை. படம், சைகை என்று பழக்கினால் பேச்சே வராமல் போய்விடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சைகையால் போகாது. இதே பயத்தில் நான் ஆறு மாதத்தை வீணடித்தேன். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடவும் செய்கிறது என்றுதான் சொல்கிறார்கள். காது பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில், என் மகன் கேட்பதற்கு முன்பே எல்லாம் கைக்கு வந்துவிடும். முகத்தைப் பார்த்தே பசியா, தூக்கமா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. அப்புறம் அவன் எதற்குக் கேட்க வேண்டும்?

உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் முறுக்கைப் போட்டு இறுக்கி மூடச் சொன்னார் தெரபிஸ்ட். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மூடிமேல் வைத்தான். (என் கை அவனுக்கு ஒரு ஸ்பானர் மாதிரி.) தரையில் உட்கார்ந்து, டப்பாவை என் முகத்தருகே பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஐந்து எண்ணினேன். உள்ளேயிருந்து மாமியார், “புள்ளைய ஏங்க வைக்காதடி!” டப்பாவைத் தட்டினான். அரை நொடி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “முறுக்கு!” என்று சொல்லி உடனே திறந்தேன். அந்த ‘உடனே’ முக்கியம். அழுகிற வரை இழுத்தடிக்காதீர்கள். தாடையைத் திருப்பி “என்னைப் பாரு” என்பதும் வேண்டாம்.

பிறகு படம். வேண்டிய பொருளின் படத்தை எதிரில் இருப்பவரிடம் கொடுத்துக் கேட்கப் பழக்குவதுதான் பெக்ஸ் (PECS). 1985இல் அமெரிக்காவில் உருவான இந்த முறையில், தொடக்கத்தில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் முறுக்கோடு எதிரே. இன்னொருவர் பிள்ளைக்குப் பின்னால் இருந்து, வாயே திறக்காமல், அவன் கையைப் பிடித்துப் படத்தை எடுத்துக் கொடுக்க வைப்பார். போகப் போகப் பிடியைத் தளர்த்துவார். “என்ன வேணும்?” என்று கேட்கக் கூடாது, கேட்டால் கேள்விக்காகவே காத்திருக்கப் பழகிவிடுவான். பின்னால் உட்கார்ந்தது மாமியார்தான். பேசாமல் இருக்க அவர் பட்ட பாடு!

கேட்பது இப்படி வந்துவிடும். தனக்கு ஒன்றும் வேண்டாமல், சும்மா ஒன்றைக் காட்டுவதுதான் கஷ்டம். அவன் எதைப் பார்க்கிறானோ, ஃபேனோ தண்ணீர் டேங்கோ, அதையே நானும் பார்த்து, விரல் நீட்டிப் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு ராத்திரி டியூப்லைட் பக்கம் விரலை நீட்டினான், திரும்பி என்னைப் பார்த்தான், மறுபடி அங்கே பார்த்தான். பல்லி. மாமியாருக்குப் பல்லி என்றாலே ஆகாது. அன்றைக்கு எடுத்த துடைப்பத்தை அவரே கீழே வைத்துவிட்டார்.