கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் கேமிங் கணினி 2017-ல் சேர்த்தது. ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்), ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, ஹார்டு டிஸ்க், 450 வாட் பவர் சப்ளை, 1080பி மானிட்டர். புதிய கேம்கள் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீர் திடீரென உறைந்து நிற்கின்றன. கையில் இருக்கும் காசுக்கு நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கலாம். வாங்கிவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கார்டு போதவில்லை என்றால் கேம் பெரும்பாலும் முழுக்க முழுக்க மெதுவாக ஓடும். நன்றாக ஓடி நடுவில் உறைகிறது என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் ரேம் மேலும் டிஸ்க் மேலும்தான்.

சோதித்துப் பார்க்கச் செலவில்லை. கேமில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கார்டில். அசையவே இல்லையென்றால் பிராசசர் அல்லது ரேம் பக்கம். டாஸ்க் மேனேஜரையும் திறந்து வையுங்கள். உறையும் நேரத்தில் ரேம் நிரம்பி, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் விடை கிடைத்துவிட்டது.

நடப்பது இதுதான். விநாடிக்கு 60 ஃபிரேம் வர வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லிவிநாடிதான் நேரம். 8 ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் தள்ளிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் முள் நகர்ந்து, தட்டு சுழன்று, ஒரு துண்டு தகவலைப் பிடிக்கவே 10 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். அப்படிப் பத்துத் துண்டு வேண்டுமென்றால் ஆறேழு ஃபிரேம் போச்சு. எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அதுவும் இந்தத் தகவலுக்காகக் காத்துத்தான் கிடக்கும்.

அதனால் முதல் செலவு இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக். இருப்பதன் வேகத்துக்கு ஏற்றதாகப் பாருங்கள். பழையதே கிடைத்தாலும் போதும், ரேம் அவ்வளவு எளிதில் கெடாது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாகப் பிராசசர் பக்கத்திலிருந்து 2-வதிலும் 4-வதிலும் போட வேண்டும். மதர்போர்டு கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்போதுதான் ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான இரண்டு பாதையும் (சேனல்) சேர்ந்து வேலை செய்யும். அப்புறம் பயாஸில் (கணினி தொடங்கும்போது மதர்போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி வசதியை ஆன் செய்யுங்கள். இதைச் செய்யாமல், காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வருஷக்கணக்கில் பயன்படுத்தாமலே இருப்பவர்கள் ஏராளம்.

கூடவே ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டே இல்லாத வேகமான டிஸ்க். அதில் சாட்டா வகையா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஹார்டு டிஸ்க்கை விட்டு வருவதுதான் பெரிய தாவல்; அதற்கு மேல் கேமில் தெரியும் வித்தியாசம் குறைவு.

மிச்சக் காசு பிராசசருக்கு. உங்களிடம் இருப்பது ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) என்பது பெரிய அதிர்ஷ்டம். 2022 முதல் பி350 போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசையை ஏற்கும் பயாஸ் வந்தது. ரைசன் 5 5600 உங்கள் 1600 போலவே 6 கோர், 65 வாட்தான். ஆனால் 1600-ன் 16 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) இரண்டு பாதியாகப் பிரிந்து கிடக்கிறது. 5600-ல் 32 எம்பி, ஆறு கோருக்கும் பொது. கேமுக்கு இது நன்றாகவே உதவும். பேர் கிட்டத்தட்ட ஒன்று, விலை குறைவு என்று 5500-ஐ எடுத்துவிடாதீர்கள். அதில் கேஷ் பாதிதான். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசசர்களின் பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது.

மாற்றும்போது அவசரம் வேண்டாம். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு 5600 ஆதரவு உண்டா, எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பார்த்து, பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை ஏற்றுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் குறித்து வையுங்கள், புது பிராசசர் போட்டதும் கேட்கக்கூடும். கூலரைக் கழற்றும் முன் கால் மணி நேரம் கேம் ஓட்டி, கூலருக்கும் பிராசசருக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட்டைச் சூடாக்கிவிட்டு, மெஷினை அணைத்து பவர் வயரைப் பிடுங்கிக் கூலரை மெதுவாக இடம் வலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரே பிடுங்கிக்கொண்டு வரலாம், பின்கள் வளைந்துவிடலாம். இந்த ஓர் இடத்தில் மட்டும் தயவுசெய்து நிதானமாக இருங்கள்.

கார்டு பிறகு வாங்கலாம். அது வரை 1060-ன் தூசியைத் துடைத்து, புதிய கேம்களில் செட்டிங்ஸைக் குறைத்து ஓட்டுங்கள். ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடுவது) வசதியைக் கட்டாயமாகக் கேட்கும் சில கேம்கள் மட்டும் அதில் ஓடாது. காசு சேர்ந்ததும் ஆர்எக்ஸ் 6600 போன்ற 8 ஜிபி கார்டு உங்கள் மானிட்டருக்குப் பொருத்தம்; 132 வாட்தான் இழுக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேண்டவே வேண்டாம். அது போர்டுடன் பேச நான்கு லேன் (தகவல் போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துவது, உங்கள் போர்டில் இருக்கும் பழைய, மெதுவான பிசிஐஇ 3.0 இணைப்பில் இன்னும் தடுமாறும். கார்டைப் பழையதாகவும் வாங்கலாம், அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு. பவர் சப்ளையை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உங்களுடையதும் 2017-லிருந்து உழைத்தது. கார்டு வாங்கும்போது அதை மாற்றுவதற்கும் சேர்த்தே காசு ஒதுக்குங்கள்.