நாடகம் படமாகும்போது: கேள்வி பதில்

கொங்கு வட்டாரத்தில் நெடுங்காலம் அமெச்சூர் நாடகங்களை இயக்கிய ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்: அய்யா, நாடகத்தைப் படமாக்க நாலு வெளிப்புறக் காட்சிகளைச் சேர்த்தால் போதாதா?

போதாது தம்பி. பாட்டுக்கு ஊட்டி வரை போய்வருவதை விரிவாக்கம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாத்திரங்கள் மேடையில் வாயால் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்றை நாம் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்ற இடம் நல்ல நாடகத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் இயக்குநரின் வேலை.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலசந்தர் அதை 1981இல் படமாக்கினார். அத்திப்பட்டியின் தாகம் மேடையில் பெரும்பாலும் வசனத்தில்தான் இருக்க முடியும். படத்திலோ வறண்ட நிலமே ஒரு பாத்திரமாகிவிடுகிறது. வெள்ளைச்சாமி மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவரப் போகும் தூரம் கண்ணில் பட்டபிறகு, அந்த ஊர்க்காரர்களின் கோபத்துக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. காங்கேயம் பக்கத்து வறண்ட மேட்டாங்காட்டில் பிறந்தவர்களுக்கு முன்பும் வேண்டியிருக்காது.

வங்கி ஊழியர், தாராபுரம்: எங்கள் ஊர் நாகேஷ் நடித்த ‘நீர்க்குமிழி’ பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. அப்படியானால் அது படமாக்கப்பட்ட நாடகம் மட்டும்தானா?

இல்லை. பாலசந்தர் இயக்கிய முதல் படம் அது, 1965. இடத்தை அவர் விரிக்கவில்லை, முகத்தை விரித்தார். சபாவில் கடைசி வரிசைக்காரருக்கு நாகேஷின் குரலும் உடம்பும்தான் எட்டும். அவர் சிரித்து முடித்த அடுத்த நொடியில் கண்ணில் என்ன நடக்கிறது என்பது கேமரா பக்கத்தில் போனால்தான் தெரியும். சாகக் கிடக்கும் கோமாளியின் கதைக்கு அந்த ஒரு நொடிதான் மூலதனம்.

இதற்கு நேர் எதிர், அதே பாலசந்தர் எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘சர்வர் சுந்தரம்’ (1964). ஓட்டல் சர்வர் சினிமா நடிகனாகும் கதை என்பதால் படம் ஸ்டூடியோவுக்குள்ளேயே நம்மைக் கூட்டிப்போகிறது. எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.எம்.சௌந்தரராஜனும் பாட்டுப் பதிவு செய்வதையே காட்டுகிறார்கள். கதை கேட்ட விரிவு அது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சேலம்: எங்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’ பற்றி?

பாதிப் பாராட்டு. கருணாநிதியின் நாடகம், 1950இல் படமானது. குண்டலகேசியில் வேர்விட்ட கதை. மனைவியைத் தள்ளிவிட மலை உச்சிக்கு அழைத்துப்போகிறான் கணவன். மேடையில் உச்சி என்பது வரைந்த படுதாவும் ஒரு பலகையும்தான். படத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். பாட்டு இனிக்க இனிக்கப் பள்ளம் நெருங்குகிறது. மீதிப் பாதி? பல காட்சிகளில் ஆட்கள் வரிசையாக நின்று வசனம் பேசுகிறார்கள், மேடையில் போலவே.

பொள்ளாச்சி வாசகர்: ‘இரத்தக் கண்ணீர்’ நாடகம் மேலா, படம் மேலா?

நாடகம். எம்.ஆர்.ராதா அன்றன்றைய சேதிகளை மேடையில் வசனமாக்கிவிடுவார். 1954இல் படமானதும் அது ஒரே வடிவத்தில் உறைந்துவிட்டது. ஆனாலும் பாட்டின் நடுநடுவே அவர் குறுக்கிட்டுப் பேசும் அந்தக் கடைசிப் பகுதிக்காகப் படத்தை மன்னிக்கலாம்.

கோவை வாசகர்: வெளிநாட்டு உதாரணம் ஒன்று?

லாரன்ஸ் ஒலிவியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ (1944). பிரான்சின் பரந்த வெளி இந்தச் சிறு அரங்குக்குள் அடங்குமா என்று ஷேக்ஸ்பியரே முன்னுரையில் கேட்கிறார். ஒலிவியர் பழைய குளோப் அரங்கில் படத்தைத் தொடங்கி, போர்க்களத்தில் வெட்டவெளிக்கு வந்துவிடுகிறார். முடிவில் மறுபடி அரங்கு.

ஆசிரியை, பெருந்துறை: அய்யா, அண்ணன்மார் கூத்தைப் படமாக்க முடியுமா? ‘பொன்னர் சங்கர்’ ஏற்கெனவே வந்துவிட்டதே?

அம்மணி, 2011இல் வந்த அந்தப் படம் கருணாநிதியின் நாவலிலிருந்து வந்தது; கூத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதையைச் சொல்லும் கூத்தின் உயிர், அவர்கள் விழும் படுகளத்தில் இருக்கிறது. உடுக்கைச் சத்தத்தில் ஆட்கள் அருள் வந்து களத்தில் விழுவார்கள், பிறகு எழுப்பப்படுவார்கள். அங்கே வேடிக்கை பார்ப்பவர், நடிப்பவர் என்ற பிரிவே கிடையாது. கேமராவோ எங்காவது ஓரிடத்தில் நின்றாக வேண்டும். நின்றவுடன் அது வேடிக்கை பார்ப்பவராகிவிடும்.

எடுத்தே தீருவேன் என்றால் சண்டைக்குக் குதிரைகளை வாடகைக்குப் பிடிக்காதீர்கள். செத்த அண்ணன்மாரைத் தேடி அழுதபடி காட்டில் நடக்கும் அவர்கள் தங்கை தங்காளின் பின்னால் போங்கள். கூத்தில் அது பாட்டாகக் காதில் விழும். அந்த நடையை யாராவது முழு நீளத்துக்குக் காட்டட்டும், நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன்.