பள்ளியை நிறுத்திவிட்டு டென்னிஸா? ஆர்தர் ஆஷ் கதையைக் கொஞ்சம் பாருங்கள்

வணக்கம் சார். மகளுக்கு 14 வயது, நன்றாக ஆடுகிறாள், காலை மாலை பயிற்சிக்குப் பள்ளிதான் இடைஞ்சல், நிறுத்திவிட்டு முழுநேர அகாடமியில் சேர்க்கலாமா, பெரிய சாம்பியன்கள் யார் படித்துக் கிழித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கிழித்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆர்தர் ஆஷ், கறுப்பின டென்னிஸ் சாம்பியன், 1943ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் பிறந்தவர். கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய ஒரு பூங்காவைப் பராமரிப்பது அப்பாவின் வேலை, வீடும் பூங்காவுக்குள்ளேயே, பக்கத்தில் டென்னிஸ் கோர்ட். வெள்ளையர்களின் கோர்ட்டில் கால் வைக்க முடியாத காலம். லின்ச்பர்க் என்ற ஊரில் ராபர்ட் வால்டர் ஜான்சன் என்ற டாக்டர் கோடை விடுமுறையில் கறுப்பினப் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பயிற்சி கொடுப்பார். பந்து கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் வரை விழுந்தாலும் உள்ளே விழுந்ததாக வைத்து ஆடு, தீர்ப்பைப் பற்றி வாயே திறக்காதே என்பது அவர் போட்ட சட்டம். சண்டை பிடித்தான் என்ற ஒரே சாக்கு போதும், அடுத்த போட்டிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பள்ளிப் படிப்பை முடித்த ஆஷுக்கு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் டென்னிஸ் ஸ்காலர்ஷிப் கொடுத்தது. 1965ல் கல்லூரிகளுக்கான தேசியச் சாம்பியன், 1966ல் வணிக நிர்வாகத்தில் பட்டம். அப்புறம் ராணுவம். 1968ல் அமெரிக்க ஓப்பனை வென்றபோது அவர் லெப்டினன்ட். அமெச்சூர், அதாவது பணத்துக்காக ஆடாதவர் என்பதால் பரிசுப் பணம் தொடக்கூடாது, ஒரு நாளைக்கு 20 டாலர் பேட்டாதான். இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற டாம் ஓக்கர் 14,000 டாலரை வாங்கிக்கொண்டு போனார்!

இப்போது அப்படி இல்லையே, கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களே என்பீர்கள். கொடுக்கிறார்கள், வாஸ்தவம்தான். ஆனால் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் போன்ற கிராண்ட் ஸ்லாம் போட்டிகளின் முதன்மைச் சுற்றில் நேரடியாக நுழைய உலகத் தரவரிசையில் ஏறக்குறைய முதல் 100க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்களில் பலருக்கு டிக்கெட், ஹோட்டல், கோச் சம்பளம் போக மிஞ்சுவது சொற்பம், சில நேரம் கையிலிருந்துதான் போகும். இதை எந்த அகாடமியும் போஸ்டரில் போடாது.

ஆஷ் 1975ல் ஜிம்மி கானர்ஸைத் தோற்கடித்து விம்பிள்டனையும் வென்றார். 1979ல், 36 வயதில், மாரடைப்பு. அந்த டிசம்பரில் பைபாஸ் அறுவை சிகிச்சை, அடுத்த வருடமே ஆட்டத்துக்கு முழுக்கு. அவ்வளவு உடற்பயிற்சி செய்த உடம்பு சார் அது. பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையில் அமெரிக்க அணிக்குத் தலைமை தாங்கினார், பத்திரிகைகளில் எழுதினார், டிவியில் பேசினார், கறுப்பின விளையாட்டு வீரர்களின் வரலாற்றை மூன்று பாகங்களாக எழுதி 1988ல் வெளியிட்டார். ராக்கெட்டை மட்டும் பிடிக்கத் தெரிந்த ஆள் என்றால் இதில் பாதிகூட நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

1977ல், ஆடிக்கொண்டிருந்தபோதே, கறுப்பினப் பெற்றோர்களுக்கு நியூயார்க் டைம்ஸில் ஒரு திறந்த மடல் எழுதினார். தொழில்முறை விளையாட்டை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிவிடாதீர்கள், மைதானத்தில் ஒரு மணி நேரம் என்றால் நூலகத்தில் இரண்டு மணி நேரம் இருக்கட்டும் என்பது அதன் சாரம். விம்பிள்டன் ஜெயித்தவரே சொல்கிறார், நான் சொன்னால் மட்டும் கசக்கிறதா என்ன?

டென்னிஸை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் போன வழி இன்றும் திறந்துதான் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி அணிகளில் வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் ஸ்காலர்ஷிப்பில் ஆடுகிறார்கள். அங்கே கல்லூரி விளையாட்டின் உயர்ந்த பிரிவான முதல் டிவிஷனில் ஆட 9ஆம் வகுப்பிலிருந்து 12 வரை படித்த பாடங்களைக் கணக்கில் எடுப்பார்கள், ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்று மொத்தம் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். நீங்கள் நிறுத்த நினைப்பது சரியாக அந்த வருடங்களை.

அதனால் தலைமையாசிரியரிடம் போட்டி அட்டவணையோடு போய் வருகைப்பதிவில் சலுகை கேளுங்கள், கேட்டால் பல பள்ளிகள் கொடுக்கின்றன. அகாடமியிடம், இதற்கு முன் பள்ளியை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். 9ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை இப்போதே பத்திரமாக எடுத்து வையுங்கள், பிறகு தேடி அலைய வேண்டாம்.