பதில்: பழைய ஈபேர்டு பட்டியல்களில் பனங்காடை குறைவது நிஜமா?

பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதியும் ஈபேர்டு இணையதளத்தில், உங்கள் ஏரியில் 2014இல் அடிக்கடி பதிவான பனங்காடை இப்போது அரிதாகிவிட்டதென்று எண்ணிக்கைகளைக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்கள். கூட்டாதீர்கள். எத்தனை பட்டியல்களில் வந்தது என்ற விகிதத்தைப் பாருங்கள்: 40 பட்டியலில் 10 என்றால் 25%.

அதற்கு முன் முழுமையற்ற பட்டியல்களை நீக்குங்கள். கண்டது, கேட்டது எல்லாவற்றையும் எழுதினீர்களா என்று தளம் கேட்கும் கேள்விக்கு 'இல்லை' என்றிருந்தால், அதில் பனங்காடை இல்லாததற்குப் பொருளே கிடையாது. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். பிறகு, ஒரே மாதங்களை மட்டும் ஒப்பிடுங்கள். இது பருவத்துக்கேற்ப இடம் மாறும் பறவை. பத்து நிமிடப் பட்டியலையும் மூன்று மணிநேரப் பட்டியலையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

இனிமேல் 15 நிமிடத்துக்குக் குறையாமல், ஒரே பாதையில், நாளின் ஒரே வேளையில் பட்டியல் எடுங்கள். 'இருந்தது' என்று மட்டும் காட்டும் எக்ஸ் குறியைப் போடாமல் தோராயமாகவாவது எண் போடுங்கள்.

உங்கள் சந்தேகம் வெறும் பிரமையாக இருக்க வாய்ப்பில்லை. 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் பனங்காடை நாடளவில் சரிவதாகவே சொல்கிறது. மயில் நேரெதிர், வேகமாகப் பெருகுகிறது. உங்கள் ஏரியில் மயிலின் விகிதத்தையும் போட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே சரிந்தால் கோளாறு பெரும்பாலும் பட்டியலில்தான்.