ஹைபிரிட் சைக்கிள் கேள்வி-பதில்: பல்லை எண்ணிவிட்டு எழுதுங்கள்

கே: ஈசிஆரில் ஓட்டுகிறேன். 48-14 டாப் கியர் (முன் பல்சக்கரத்தில் 48 பல், பின்னால் 14 பல்) போதவில்லை. முன்னால் 52 பல் போடலாமா? – வாசகர், சென்னை

ப: வேண்டாம். 48-14இல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் வேகம் 40 கி.மீ.க்கு வரும். எதிர்காற்றில் அதைத் தாண்ட முடியாததற்குப் பல் காரணமில்லை.

கே: என் வண்டிக்கு நல்ல மட்கார்ட் சொல்லுங்கள். – வாசகர், மதுரை

ப: எந்த வண்டி, என்ன டயர் என்று எதுவுமே எழுதாமல் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? டயரின் பக்கவாட்டில் அளவு அச்சிட்டிருக்கும். 700x35 (35 மி.மீ. அகல டயர்) என்றால் 45 மி.மீ. அகல மட்கார்ட் சரியாக இருக்கும். ஃப்ரேமில் அதை மாட்டத் திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கே: என்னுடையது 21 கியர். ஏற்காடு ஏறினால் முழங்கால் வலிக்கிறது. விற்றுவிட்டு 27 கியர் வண்டி வாங்கலாமா? – வாசகர், சேலம்

ப: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. 21, 24, 27 என்று கடையில் சொல்லும் எண்ணை நம்பி நம் ஆட்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள். மலை ஏறுவதற்கு அந்த எண் உதவாது. பல்லை எண்ணுங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது!

21 கியர் ஹைபிரிட்டில் பெரும்பாலும் முன்னால் 48-38-28, பின்னால் 14 முதல் 28 வரை இருக்கும். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் வருவதுதான் கியர். 48ஐ 24ஆல் வகுத்தால் 2. 28ஐ 14ஆல் வகுத்தாலும் 2. ஒரே கியரை இரண்டு தடவை எண்ணி விற்கிறார்கள். பெரியதோடு பெரியது, சின்னதோடு சின்னது என்று செயின் கோணலாக ஓடும் ஜோடிகளையும் கழித்தால் தேறுவது பத்துப் பன்னிரண்டுதான்.

ஏற்றத்துக்குக் கணக்கு ஒன்றே ஒன்று: முன்னால் மிகச் சின்னது, பின்னால் மிகப் பெரியது. 28க்கு 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.1 மீட்டர் நகரும். பின்னால் 34 போட்டால் 1.75 மீட்டர்தான், முழங்காலுக்குப் பாரம் ஆறில் ஒரு பங்கு குறையும். 27 கியர் வண்டியிலும் கடைசி ஜோடி 28-28தான் என்றால், 20 கொண்டை ஊசி வளைவிலும் அதே வலிதான்.

ஆகவே வண்டியை விற்காதீர்கள், 14-34 ஃப்ரீவீல் போடுங்கள். அதற்கு முன் உங்கள் பின்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) இருப்பது ஃப்ரீவீலா (ஹப்பில் திருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி), கேசட்டா (ஹப்பில் செருகி மாட்டுவது) என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. பின் டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்க வேண்டும், செயினும் கொஞ்சம் நீளம் வேண்டியிருக்கும். இதில் 24இலிருந்து நேராக 34க்குத் தாவும். கால் சட்டென்று இலேசாகும், போகப்போகப் பழகிவிடும். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். நடு ஏற்றத்தில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டு மாற்றினால் செயின் அறும்.

கே: துணைப் பொருள்களுக்கு 2,000 ரூபாய் வைத்திருக்கிறேன். மொபைல் ஹோல்டர், ஜெல் சீட் கவர், பாட்டில் ஸ்டாண்டு வாங்கலாம் என்றிருக்கிறேன். – கல்லூரி மாணவி, கோவை

ப: பட்டியலில் பின்விளக்கு எங்கேம்மா? முதலில் அது, அப்புறம் ஹெல்மெட், மாற்று ட்யூப், டயர் லீவர் (டயரைக் கழற்றும் நெம்புகோல்), கைப்பம்பு. மிச்சமிருந்தால் பாட்டில் ஸ்டாண்டு. முன்விளக்கு வாங்கினால் ஒளி சாலையில் விழும்படி சாய்த்துக் கட்டுங்கள், எதிரே வருபவர் கண்ணில் அடிக்க வேண்டாம். ஜெல் கவர் வேண்டவே வேண்டாம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட்டை அந்த உயரத்துக்கு வையுங்கள், பாதி வலி போய்விடும்.

கே: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? – வாசகர், நாகர்கோவில்

ப: கூடாது. மண் ஒட்டிப் பல்லைத் தின்றுவிடும். செயினுக்கென்றே விற்கும் மசகு எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கே: பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

ப: பைக் மாதிரி தடித்த வால்வு என்றால் அடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அடாப்டர் வேண்டும். எதுவானாலும் பக்கத்திலேயே நின்று, டயரில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்களுக்கும் சேர்த்துத்தான்: பின்விளக்கு.